லண்டன் மார்கரெட் தெரு சகல பரிசுத்தவான்கள் ஆலயம்: 23 சென்ட் இடத்தில் ஒரு கோயில்

செங்கல்_சூளை
வேலை விஷயமாக லண்டனுக்கு இதற்கு முன் இரண்டு முறை வந்திருக்கிறேன். இரண்டு முறையும் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியதுதான் மிச்சம். அங்கிருந்து சில நிமிட நடையில் இப்படி ஒரு ஆலயம் இருப்பது இந்த முறைதான் தெரிந்தது. மார்கரெட் தெருவில் நடந்து வரும்போது இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள், நடுவில் திடீரென்று ஒரு சின்ன வாசல். உள்ளே போனால் ஒரு முற்றம், நம் ஊர் வீட்டு முற்றத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இடமும் வலமும் செங்கல் வீடுகள், ஒன்று குருமனையாகவும் (குருவானவர் குடியிருக்கும் வீடு) மற்றது பாடற்குழுச் சிறுவர்களின் பள்ளியாகவும் கட்டப்பட்டவை. எதிரே ஆலயம். தலையைத் தூக்கிப் பார்த்தால் கோபுரம் போய்க்கொண்டே இருக்கிறது, 227 அடி. வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியின் மேற்குக் கோபுரங்களே 225 அடிதான்.

1850-இல் கட்டத் தொடங்கி 1859-இல் அர்ச்சித்தார்கள், அதாவது புனிதப்படுத்தி ஆராதனைக்கு அர்ப்பணித்தார்கள். கட்டியவர் வில்லியம் பட்டர்ஃபீல்டு. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் பேசுவது அதன் வண்ணத்தைத்தான்: சிவப்புச் செங்கலில் கறுப்புப் பட்டை, உள்ளே பளிங்கு, கிரானைட், டைல்ஸ், தங்கப்பூச்சு. எனக்கு அங்கே நின்றபோது தோன்றியது வேறு. மொத்த மனையே ஏறக்குறைய நூறடிக்கு நூறடி. நம் கணக்கில் 23 சென்ட், கிரவுண்டில் சொன்னால் நாலுக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் ஒரு ஆலயம், ஒரு கோபுரம், இரண்டு வீடு, ஒரு முற்றம். இந்த ஆலயத்தில் நாம் பார்த்து வியக்கிற ஒவ்வொன்றும் இந்த மனையின் நெருக்கடியில் பிறந்ததுதான் என்று நினைக்கிறேன். வண்ணமும் அப்படித்தான். மறுப்பவர்கள் மறுக்கலாம், பேசுவோம்.

கண்ணாடிக்கூரை
மறுக்கிறேன் நண்பரே. மனையின் சாமர்த்தியத்தை ஒத்துக்கொள்கிறேன், பத்து வருடமாக இந்த ஊரில் வரைபடம் போட்டுப் பிழைக்கிறேன், அந்த மனையின் படத்தைப் பார்த்தாலே கை கூப்பத் தோன்றும். ஆனால் வண்ணத்துக்கு மனை காரணமா? உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் கண் எங்கேயாவது இளைப்பாற முடிகிறதா? வளைவுகளுக்கு மேலே கோலம், அதற்கு மேலே பட்டை, பக்கச் சுவரில் படம், தரையில் கட்டம். ஒரு சாண் சுவர்கூட சும்மா இல்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்த ஆலயத்தைக் கட்டப் பாடுபட்ட பெரஸ்ஃபோர்ட் ஹோப் என்கிற பிரமுகரே, தன் படைப்புக்குத் தானே கோமாளி உடை போட்டுக் கெடுத்துவிட்டார் பட்டர்ஃபீல்டு என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பணமும் செல்வாக்கும் கொடுத்தவருக்கே பொறுக்கவில்லை என்றால், பார்க்கிறவர்கள் எல்லாரும் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

குருமனை_வாசல்
ஐயா, ஹோப் சொன்னது உண்மை, இருவருக்கும் வண்ணத்தில் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஆனால் யாருக்காக, எதற்காகக் கட்டினார்கள் என்பதை விட்டுவிட்டு வண்ணத்தை மட்டும் எடைபோட முடியாது என்று நினைக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது குருமனையில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் முன்பு மார்கரெட் சேப்பல் என்று ஒரு சாதாரணக் கட்டடம் இருந்தது. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லாதது, பிரசங்கம் கேட்க ஒரு கூடம், அவ்வளவுதான். 1830-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு இயக்கம் எழுந்தது. ஆங்கிலிக்கன் சபை தன் பழைய ஆராதனை முறையை, திருவிருந்தின் மகிமையை மறந்துவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். பியூசி அதில் முக்கியமானவர். இந்த ஆலயத்துக்கு 1850 நவம்பரில் அடிக்கல் நாட்டியவரும் அவர்தான். இன்னொரு பக்கம் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் 1839-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள், கேம்டன் சங்கம். ஆலயம் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதே அவர்களின் பேச்சு. பலிபீடம் உயரத்தில் இருக்க வேண்டும், பீடப்பகுதி தனியாகத் தெரிய வேண்டும், பணக்காரக் குடும்பங்கள் கதவு போட்டுப் பூட்டிக்கொள்ளும் பெட்டி பெஞ்சுகள் ஒழிய வேண்டும், கூர்நுனி வளைவுகள் கொண்ட 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கோதிக் பாணியே சிறந்தது. பிறகு எக்லீசியாலஜிக்கல் சங்கம் என்று பெயரை மாற்றிக்கொண்டு, தங்கள் கொள்கைக்கு ஒரு மாதிரி ஆலயம் வேண்டும் என்று முடிவெடுத்துக் கட்டியதுதான் இது.

மாதிரி என்றால் என்ன? ஆராதனை மறுபடி கண்ணுக்கும் மூக்கிற்கும் காதுக்கும் விருந்தாக வேண்டும். தூபம், பாட்டு, வண்ணம் மூன்றும் சேர்ந்தே வரும். வெறும் வெள்ளைச் சுவரில் தூபம் எழுந்தால் அது புகை. தங்கச் சுவரின் முன் எழுந்தால் அது வேறு. நான் அங்கே ஒரு ஞாயிறு ஆராதனையில் இருந்திருக்கிறேன், அந்த நேரத்தில் ஒரு கட்டம்கூட எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. காலியாக இருக்கும்போது போய்ப் பார்த்தால் கண்ணாடிக்கூரை ஐயா சொல்வதுபோல் தோன்றலாம்.

கொத்துக்கரண்டி
கட்டு வேலை பார்த்து வளர்ந்தவன் என்கிற முறையில் வெளிச்சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தக் கறுப்புப் பட்டை வண்ணம் அடித்தது இல்லை, ஒட்டியதும் இல்லை. கறுத்த செங்கலையே வரிசையில் வைத்துக் கட்டியது. வரிசை தப்பினால் பிறகு திருத்த முடியாது, பூச்சில் மறைக்கவும் முடியாது. எந்த வரிசையில் எது வரும் என்று கொத்தனார் முதல் நாளே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜன்னல் மேல்வளைவு வருகிற இடத்தில் பட்டை எங்கே முட்டுகிறது என்று போய்ப் பாருங்கள், வேலைக்காரனுக்கு அது புரியும்.

இது ஏன் அந்தக் காலத்தில் பெரிய விஷயம் என்றால், அதற்கு முந்தைய தலைமுறை லண்டன் செங்கலைக் கண்டு வெட்கப்பட்டது. ரீஜென்ட் தெருவைக் கட்டடக்கலைஞர் நாஷ் கட்டியபோது செங்கலில் கட்டி, மேலே சாந்து பூசி, கல் மாதிரி கோடு கிழித்து வண்ணம் அடித்தார்கள். செலவும் குறைவு, பார்வைக்கும் பகட்டு. ஆலயம் என்றால் கல்லில் கட்ட வேண்டும் என்பதுதான் வழக்கம், கேம்டன் சங்கத்தாரே முதலில் அப்படித்தான் சொன்னார்கள். பட்டர்ஃபீல்டு செங்கலைச் செங்கலாகவே நிறுத்தினார். அதுவும் மலிவு என்பதற்காக இல்லை, அவர் தேர்ந்தெடுத்த செங்கல் கல்லைவிட விலை கூடியது. செங்கல் மீதான வரியை 1850-இல்தான் எடுத்தார்கள், அதே வருடம் இங்கே அடிக்கல். ரயிலும் வந்துவிட்டது, வெளியூர்ச் செங்கல் லண்டனுக்கு வரத் தொடங்கிய காலம்.

இன்னொன்று. பட்டர்ஃபீல்டு சின்ன வயதில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை பழகியவர். படம் வரையக் கற்றது அதற்குப் பிறகுதான். சுவரைப் பார்த்தாலே தெரிகிறது.

வரைபலகை
எல்லாருக்கும் வணக்கம். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், இந்த ஆலயத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வரைய வேண்டும். எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம், யாராவது சொல்லுங்கள். மூன்று பக்கமும் கட்டடம் நெருக்கி நிற்கிறது என்றால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? கோதிக் என்றாலே பெரிய கிழக்கு ஜன்னல் என்றுதானே வகுப்பில் சொல்கிறார்கள், இதில் கிழக்கு ஜன்னலையே காணோமே?

செங்கல்_சூளை
தம்பியா தங்கையா தெரியவில்லை, ஆனால் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நான் சொல்ல வந்ததே அதுதான்.

கிழக்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. வடக்குச் சுவரிலும் கிடையாது. இரண்டும் அடுத்தவர் மனையை ஒட்டி நிற்பவை. ஒரு பெரிய ஊரின் நடுவில் 23 சென்ட் வாங்கினால் அதுதான் நிலைமை. அதனால் வெளிச்சம் மேலிருந்து வருகிறது, நடுக்கூடத்தின் வளைவுகளுக்கு மேலே இருக்கும் வரிசை ஜன்னல்களிலிருந்து. முற்றத்துப் பக்கம் தெற்கே இருந்தும் வருகிறது, மேற்கே ஒரு பெரிய ஜன்னலும் இருக்கிறது. நடுக்கூடம் மூன்றே வளைவு நீளம்தான், பெரிய ஆலயங்களோடு ஒப்பிட்டால் குட்டை. ஆனால் அகலமும் உயரமும் தாராளம், வளைவுகள் நல்ல உயரத்துக்கு எழும்புகின்றன, அதனால் உள்ளே நிற்கும்போது சின்ன ஆலயம் என்று தோன்றவே இல்லை. நீளத்துக்கு இடம் இல்லாததால் மேலே போனார். கோபுரத்துக்கும் அதே கதைதான். தெருவில் முகம் காட்ட வழியில்லை, வாசல் மட்டும்தான் தெருவில் இருக்கிறது. அப்படியென்றால் கூரைகளுக்கு மேலேதான் முகம் காட்ட வேண்டும்.

இப்போது கிழக்குச் சுவரை யோசித்துப் பாருங்கள். மற்ற ஆலயங்களில் பலிபீடத்துக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடி இருக்கும், சூரியன் அந்த வேலையைச் செய்யும். இங்கே வெறும் சுவர். அதில் மூன்று அடுக்காகப் புனிதர்களின் உருவங்களைத் தங்கப் பின்னணியில் வரையவைத்தார். ஜன்னல் செய்ய வேண்டிய வேலையைச் சுவர் செய்கிறது. வடக்குச் சுவரிலும் அதேதான், டைல்ஸில் கிறிஸ்து பிறப்பும் சுற்றிலும் பழைய ஏற்பாட்டு மனிதர்களும் சபைப் பிதாக்களும். ஜன்னல் இல்லாத இடத்தில்தான் படம் பெரிதாகிறது, அதைத்தான் முதல் பதிவில் மனை வண்ணத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னேன்.

கண்ணாடிக்கூரை
இது நல்ல வாதம், மறுக்க மாட்டேன். ஆனால் கொத்துக்கரண்டி அண்ணன் வெளிச்சுவரைப் பற்றிச் சொன்ன நேர்மை உள்ளே போனதும் காணாமல் போகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? கோதிக் பாணியை மறுபடி தூக்கிப்பிடித்த கட்டடக்கலைஞர் பூகின் என்ன சொன்னார்? வசதிக்கோ கட்டுமானத்துக்கோ தேவைப்படாத எதுவும் கட்டடத்தில் இருக்கக் கூடாது, அலங்காரம் என்பது கட்டுமானத்தை அழகுபடுத்துவதாக மட்டும் இருக்க வேண்டும் என்றார். பட்டர்ஃபீல்டு தலைமுறைக்கு அது வேதவாக்கு. வெளியே கறுப்புச் செங்கல் உண்மையிலேயே சுவரின் உடம்பு. உள்ளே வளைவுக்கு மேலே இருக்கும் கோலங்கள்? அவை மேல்பரப்பு. சுவரைத் தாங்குவது அவை இல்லை. டைல்ஸ் படங்கள் இன்னும் மோசம், கட்டி முடித்துப் பல வருடம் கழித்து ஒட்டியவை, 1870-களில் தொடங்கி 1891 வரை. பூச்சை வெறுத்த தலைமுறை, உள்ளே டைல்ஸ் ஒட்டினால் அது பூச்சு ஆகாதா?

கொத்துக்கரண்டி
ஒட்டியதுதான். அதை மறுக்க முடியாது. ஆனால் பூச்சுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நாஷ் பூச்சு, நான் கல் என்று பொய் சொல்கிறது. டைல்ஸ், நான் டைல்ஸ் என்று சொல்கிறது. பொய் எங்கே?

குருமனை_வாசல்
டைல்ஸ் ஏன் வந்தது என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது, அதைச் சொன்னால் விவாதம் கொஞ்சம் தெளிவாகும்.

பீடப்பகுதி ஓவியங்களை முதலில் வரைந்தவர் வில்லியம் டைஸ். சாதாரண ஆள் இல்லை, பாராளுமன்றக் கட்டடத்தில் பிரபுக்கள் சபைக்குச் சுவரோவியம் வரைந்தவர். ஈரச் சுண்ணாம்பின் மேல் வரைகிற இத்தாலிய முறையை இங்கிலாந்தில் கற்றுத் தேர்ந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். ஆனால் லண்டனின் காற்று இத்தாலியின் காற்று இல்லையே. ஈரம், நிலக்கரிப் புகை. ஓவியங்கள் உதிரத் தொடங்கின. 1909-இல் கட்டடக்கலைஞர் நினியன் காம்பர் அந்த ஓவியங்களைப் பின்பற்றிப் பலகைகளில் புதிதாக வரைந்து முன்னால் பொருத்தினார். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். டைஸின் கை பின்னால் மறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் எனக்கு மனம் கனக்கும்.

சூளையில் சுட்டு மெருகேற்றிய டைல்ஸ் அப்படி உதிராது. ஈரத் துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகும். வடக்குச் சுவர்ப் படங்களுக்கு அலெக்சாண்டர் கிப்ஸைப் பட்டர்ஃபீல்டு அமர்த்தியதில் இந்தப் பாடம் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். மேற்கு ஜன்னலிலும் முதலில் பிரெஞ்சுக்காரர் ஜெரான்ட்டின் கண்ணாடி இருந்தது, அது திருப்தி தரவில்லை, எடுத்துவிட்டு 1877-இல் கிப்ஸின் கண்ணாடியை வைத்தார்கள். வெல்ஸ் பேராலயத்தில் இருக்கும் ஈசாயின் மரம் ஜன்னலை (இயேசுவின் வம்சாவளியை மரமாகக் காட்டுவது) அடியொற்றியது. ஆக, இந்த ஆலயம் 1859-இல் முடிந்த கட்டடம் இல்லை. பட்டர்ஃபீல்டு ஏறக்குறைய தன் ஆயுள் முழுக்க இதைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

பம்பாய்_ரயில்
இழையை இப்போதுதான் பார்த்தேன். மும்பையில் இருக்கிறேன், கொலாபாவில் ஆப்கன் சர்ச் என்று சொல்வார்கள், முதல் ஆப்கன் போரில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டிய யோவான் ஆலயம். 1858-இல் அர்ச்சித்தது. வரைந்தவர் ஹென்றி கோனிபேர். ஆனால் உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் அலங்காரமும் தரை டைல்ஸும் இதே பட்டர்ஃபீல்டின் வடிவமைப்பு. மார்கரெட் தெரு ஆலயத்தைக் கட்டியவரின் கை இங்கேயும் இருந்திருக்கிறது.

அங்கே சுற்றிலும் மரங்கள் நிறைந்த திறந்த வளாகம், நாலு பக்கமும் வெளிச்சம். மஞ்சள் கலந்த கல் சுவர். வண்ணக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் தரையில் விழுந்து, அந்த டைல்ஸ் கட்டங்களோடு கலப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே மனிதரின் வண்ணம், ஆனால் கண்ணை உறுத்தாது. கட்டடம் அவருடையது இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இருந்தாலும் செங்கல்_சூளை சொல்கிற மனை வாதத்துக்கு இது பக்கபலம் என்றே படுகிறது.

செங்கல்_சூளை
பம்பாய்_ரயில், இது எனக்குத் தெரியாத செய்தி, ரொம்ப நன்றி. அடுத்த முறை மும்பை வந்தால் முதல் வேலை அதுதான்.

கண்ணாடிக்கூரைக்கு இன்னும் ஒரு கேள்வி. வண்ணச் செங்கலைப் பிடிக்கவில்லையா, பட்டர்ஃபீல்டைப் பிடிக்கவில்லையா? லண்டன் பிம்லிகோவில் ஸ்ட்ரீட் என்கிற கட்டடக்கலைஞர் கட்டிய ஜேம்ஸ் த லெஸ் ஆலயம், மார்கரெட் தெரு முடிந்த கையோடு 1861-இல் முடிந்தது, அதுவும் செங்கல், அதுவும் பட்டை. அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

கண்ணாடிக்கூரை
அது எனக்குப் பிடிக்கும். ஸ்ட்ரீட் வடக்கு இத்தாலியில் சுற்றி, செங்கலையும் பளிங்கையும் நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தவர். சிவப்பும் கறுப்பும் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றுக்கும் மேலே லண்டன் கில்பர்னில் பியர்சன் என்கிற கட்டடக்கலைஞர் கட்டிய அகஸ்டின் ஆலயம். அதுவும் செங்கல்தான். 1870-களில் தொடங்கியது, கோபுரம் 1890-களின் கடைசியில்தான் முடிந்தது, 254 அடி. உள்ளே விலா எலும்பு போன்ற கல் வளைவுகளுக்கு நடுவே செங்கலால் வளைத்த கூரை. அங்கே நிழல்தான் அலங்காரம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், கண் வலிக்காது. பட்டர்ஃபீல்டின் ஆலயத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை, இதை மனதாரச் சொல்கிறேன்.

குருமனை_வாசல்
ஐயா, பியர்சனுக்குக் கில்பர்னில் கிடைத்த இடம் மார்கரெட் தெருவில் இல்லையே. நிழலுக்கு நீளம் வேண்டும், தூண் வரிசைக்குப் பின்னால் இன்னொரு தூண் வரிசை வேண்டும். மூன்று வளைவில் நிழலை எங்கே வைப்பது?

கண்ணாடிக்கூரை
இதற்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. யோசிக்கிறேன்.

கொத்துக்கரண்டி
யோசிக்கும்போது பணத்தையும் சேர்த்து யோசியுங்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 70,000 பவுண்டு. அதில் 30,000 பவுண்டு ஹென்றி டிரிட்டன் என்கிற ஒரே வங்கிக்காரர் கொடுத்தது. இவ்வளவு பணம் கையில் இருக்கும்போது வேறொருவர் பெரிய மனை வாங்கி, ஊருக்கு வெளியே பரப்பிக் கட்டியிருப்பார். இவர்கள் பழைய சேப்பல் இருந்த அதே இடத்தில், அதே ஜனங்களுக்காகக் கட்டினார்கள். நெருக்கமான தெருவில் ஆலயம் வேண்டும் என்பதுதான் விருப்பம். எனக்கு அதில் மரியாதை இருக்கிறது. கலை விமர்சகர் ரஸ்கின் இந்த ஆலயத்தைப் பற்றி, அச்சமோ திறமைக்குறைவோ இல்லாத முதல் நவீனக் கட்டடம் என்ற பொருளில் எழுதினார். அச்சமில்லை என்பதுதான் எனக்குச் சரியான சொல்லாகப் படுகிறது. அழகா இல்லையா என்பது அதற்கு அப்புறம்.

கண்ணாடிக்கூரை
நேற்று மதியம் வேலை முடிந்து மறுபடி போய் வந்தேன். குருமனை_வாசல் கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை.

முற்றத்தில் நின்று பார்த்தேன். தெற்குப் பக்கம் சுவருக்கு முட்டுக்கொடுக்கும் ஒரு அணைசுவர் மட்டும் தனியாக உயர்ந்து, மேலே சிகரம் வைத்து, அதில் மரியாளுக்குத் தேவதூதன் நற்செய்தி சொல்லும் சிற்பம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. அவ்வளவு இடுக்கில் வாசலைத் தாண்டிய கண்ணைப் பிடித்து மேலே இழுக்க அது ஒன்று போதும் என்று வைத்திருக்கிறார். வெளிப்புறத்தைப் பற்றி இனி வாதிட மாட்டேன். உள்ளே வளைவுகளுக்கு மேலே இருக்கும் கோலங்கள் இன்னும் எனக்கு அதிகம்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் வடக்குச் சுவரின் முன்னால் நின்று, அந்தப் படங்களைக் கற்பனையில் எடுத்துவிட்டுப் பார்த்தேன். இருட்டான, உயரமான, ஒன்றுமில்லாத சுவர் மிச்சம். அதற்கு நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டேன், என்னிடம் விடை இல்லை.

வரைபலகை
அண்ணன்மார்களே, ஐயா, எல்லாருக்கும் நன்றி. என் படத்தில் ஆலயத்தை மட்டும் வரைந்து பக்கத்துக் கட்டடங்களை விட்டிருந்தேன், பாடப்புத்தகப் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. நேற்று அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தெருவிலிருந்து தொடங்கினேன்: தெரு, வாசல், முற்றம், தெற்குப் பக்கக்கூடம், நடுக்கூடம், வடக்குப் பக்கக்கூடம், வடக்குச் சுவர், அதை ஒட்டி அடுத்தவர் கட்டடம். மேல் ஜன்னலிலிருந்து வெளிச்சக் கோட்டை இழுத்தால் வடக்குச் சுவர்ப் படங்களுக்கு நேராக அது எட்டவில்லை, எதிரே பட்டுத் திரும்பித்தான் வருகிறது. மெருகு டைல்ஸ் என்பதால் அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் அது திருப்பிக் கொடுக்கும் இல்லையா? சுண்ணாம்புச் சுவரோவியமாக இருந்தால் அங்கே ஒன்றும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். படம் முடிந்ததும் இங்கேயே போடுகிறேன், கொத்துக்கரண்டி அண்ணா, பட்டை வரிசைகளை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

கொத்துக்கரண்டி
போடுங்கள். ஜன்னல் வளைவு முட்டுகிற இடத்தை மட்டும் பெரிதாக வரைந்து தனியாக வையுங்கள், அதைத்தான் முதலில் பார்ப்பேன்.